எஸ்.எம்.பி.எஸ். என்னும் கமலைக் கிணறு

நினைவகச் சில்லுகளைத் தயாரிப்பதில் உலகின் மூன்று பெரிய நிறுவனங்களுள் ஒன்றான மைக்ரான், ‘குரூஷியல்’ என்ற பெயரில் ஏறக்குறைய 30 ஆண்டுகளாகச் சில்லறைக் கடைகள் மூலம் நடத்திவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தைக் கைவிடப்போவதாக 2025 டிசம்பர் 3ஆம் தேதி அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கென்று எழும்பிவரும் தரவு மையங்கள் நினைவகத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தப் பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்கவே சரக்கு வேண்டியிருக்கிறது என்பது நிறுவனம் கூறிய காரணத்தின் சாரம். அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே ரேம் விலை ஏறத் தொடங்கிவிட்டது. செய்தித்தாளின் வர்த்தகப் பக்கத்தில் ஓர் ஓரமாக வந்துபோன இந்தச் சங்கதி, கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்கு விளையாட்டுக் கணினி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்ட வாசகர் ஒருவரைப் பெரிதும் கலக்கிவிட்டதென்பது அவர் எழுதிய கடிதத்தினால் தெரிகிறது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறதென்றும், இப்போது அளவாக வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும்படி இருக்கவேண்டுமென்றும், எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது, எதில் கையைச் சுருக்குவது என்று விளங்கவில்லையென்றும் அவர் கேட்கிறார். மகன் பார்க்கும் காணொளிகளில் எல்லாம் ‘இதை வாங்கினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

கணினி விஷயத்தில் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் சொல்லுகிறவர் ஒன்று சரித்திரம் அறியாதவராக இருக்கவேண்டும், இல்லையேல் சரக்கு விற்பவராக இருக்கவேண்டும். பிராசஸர் அமரும் சாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் நிறுவனம் 2015இல் எல்.ஜி.ஏ. 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது; 2017இல் அதே பெயரும் அதே 1151 முனைகளும் கொண்ட மதர்போர்டுகளை வெளியிட்டு, புதிய பிராசஸர் பழைய போர்டிலும், பழைய பிராசஸர் புதிய போர்டிலும் வேலை செய்யாது என்று அறிவித்தது; 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851 என்று முனைகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே வந்தது. இதற்கு நேர்மாறாக, ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சாக்கெட் போர்டை 2017இல் வாங்கியவர், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800 எக்ஸ் 3டி என்ற, விளையாட்டுக்கென்றே செய்தாற்போன்ற பிராசஸரை அதில் பொருத்திக்கொள்ள முடிந்தது. அந்தப் பாக்கியம் அவருடைய தீர்க்கதரிசனத்தினால் விளைந்ததன்று, ஏ.எம்.டி.யே அந்தப் பழைய போர்டுகளுக்கு அனுமதி தராமல் வெகுகாலம் இழுத்தடித்து, பயனாளர்களின் முணுமுணுப்பு ஓயாததைக் கண்டு பிற்பாடுதான் இசைந்தது. ரேமின் கதையும் இப்படியே. 2014இல் வந்த டி.டி.ஆர். 4 குச்சியை டி.டி.ஆர். 5க்குரிய துளையில் நுழைக்க முயன்றால் நுழையாது. தவறாக நுழைத்துவிடக் கூடாதென்றே நடுவிலுள்ள வெட்டின் இடத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆக, எதிர்காலத்தில் மாற்றிக்கொள்வதற்கென்று இன்று அதிகப் பணம் கொடுத்து வாங்கப்படும் பாகங்களுள் பெரும்பாலானவை, அந்த எதிர்காலம் வந்து சேரும்போது தாமே மாற்றப்படவேண்டிய நிலையில் இருக்கும். இந்த நியதிக்கு விலக்காக, ஒரு கணினியிலிருந்து கழற்றி அடுத்த கணினியிலும், வேண்டுமானால் அதற்கடுத்த கணினியிலும் பொருத்தக்கூடிய பாகங்களுள் கேபினட்டைத் தவிர முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதுவோ விளம்பரங்களில் கடைசியாகக் குறிப்பிடப்படுவது. கடைக்காரர் கேபினட்டோடு சேர்த்து ‘சும்மாவே’ தந்துவிடுவது. வண்ண விளக்கு இல்லாதது. விளையாட்டில் ஒரு பிரேம்கூட ஏற்றித் தராதது. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். என்னும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பும், 2000ஆம் ஆண்டில் பெண்டியம் 4ஐ உத்தேசித்து அதனோடு சேர்த்த 12 வோல்ட் நான்குமுனை இணைப்பும், இணைப்புகள் சில கூடியதைத் தவிர அடிப்படையில் மாறாமல் இன்றுவரை நின்று நிலவுகின்றன. அந்தப் பெட்டிக்குள் நிகழும் காரியமோ, கணினியின் மற்ற எந்தப் பாகத்தில் நிகழ்வதற்கும் அழகில் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம். ஆகையால் கடிதம் எழுதிய அன்பர் சற்றுப் பொறுத்தருளி, கடைக்குப் போவதற்கு முன் கிணற்றடிக்கு வரவேண்டும்.

சுவரிலிருந்து வருவது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடும் 230 வோல்ட் மின்சாரம். கணினிக்கு வேண்டுவது அசையாமல் ஒரே திசையில் ஓடும் 12 வோல்ட். இறக்கிக் கொடுப்பதற்கு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், வாஸ்தவம். ஆனால் 500 வாட்ஸ் சக்தியை 50 சுழற்சியில் கடத்துகின்ற டிரான்ஸ்பார்மர் பல கிலோ எடையுள்ள இரும்புக்கட்டியாக இருக்கும். பழைய பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த ஸ்டெபிலைசரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்து பார்த்தால் (திறக்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிலுள்ள பெரிய கெபாசிட்டரில் ஆளை வீழ்த்தக்கூடிய வோல்ட் தங்கியிருக்கும்) அதே 500 வாட்ஸைக் கடத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ளங்கையில் அடங்கிவிடும். இரும்பு எங்கே போயிற்று?

கமலை இறைத்த காலத்தை நினைவுகூர்க. கிணறு ஆழத்தில் இருக்கிறது, வயல் தொலைவில் இருக்கிறது, நடுவே நீர் மொள்ளும் சால். மாடுகள் இறங்குசரிவில் நடக்க, வடம் இழுக்க, நிறைந்த சால் மேலே வந்து தொட்டியில் கவிழ்கிறது. மாடுகள் பின்னோக்கி ஏற, சால் கிணற்றுக்குள் இறங்குகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு வழிதான் உண்டு. சால் பெரிதாக இருக்கவேண்டும், அல்லது நடை வேகமாக இருக்கவேண்டும். டிரான்ஸ்பார்மரின் நடுவிலுள்ள காந்த உள்ளகம் சாலைப் போன்றது; ஒரு சுற்றில் அது ஏற்கக்கூடிய காந்தப் பெருக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குமேல் எவ்வளவு முயன்றாலும் நிறைந்த சாலில் ஊற்றிய தண்ணீரைப்போல் வழிந்துதான் போகும். மின்வாரியம் நமக்கு அளித்திருக்கும் நடை விநாடிக்கு 50 சுற்று. மாட்டின் நடையை மாற்ற முடியாது, ஆகவே சாலைப் பெரிதாக்கினார்கள், ஸ்டெபிலைசர் கனத்தது.

எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கண்டுபிடித்தவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். வருகின்ற மின்சாரத்தை முதலில் ஒரே திசையில் ஓடும்படி நிமிர்த்தி, 380 வோல்ட்டுக்குக் குறையாத உயரத்துக்கு ஏற்றி, ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கிவிட்டு, பிறகு டிரான்சிஸ்டர்களைக்கொண்டு அதை விநாடிக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துண்டுதுண்டாக நறுக்குகிறார்கள். நடை 2,000 மடங்கு விரைந்துவிட்டது. சால் ஒரு சிறு குவளையானாலும் போதும். ஆனால் அந்த வேகத்தில் இரும்புச் சால் உதவாது. காந்தம் மாறும்போதெல்லாம் இரும்பின் உடலுக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் கிளம்பி அதைச் சுடவைக்கும். 50 சுற்றில் இரும்பைத் தகடுதகடாக அடுக்கிச் சமாளித்துவிடலாம், லட்சம் சுற்றில் அது பழுக்கக் காய்ந்துவிடும். இதற்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இரும்பு ஆக்சைடுடன் மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பொடியாகக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் வைத்துச் சுட்டு, பெரைட் என்ற கருநிறப் பொருளைச் செய்தார்கள். காந்தத்தை அது ஏற்கும். மின்சாரத்தைத் தன் உடலில் ஓடவிடாது. அதாவது, சுட்ட மண்ணில் செய்த கலயம்! இரும்பு ஏற்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு சுற்றில் அது ஏற்கும்; ஆயினும் நடை 2,000 மடங்காகிவிட்டபின் ஐந்தில் ஒரு பங்கைப்பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

இந்த உவமையை இன்னும் சிறிது தூரம் ஓட்டிச்செல்ல வாசகர்கள் அனுமதிக்கவேண்டும். சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது அதன் வழியே மின்னோட்டம் இல்லை. மூடியிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கிடையே வோல்ட் பெரும்பாலும் இல்லை. சக்தி விரயம் என்பது இரண்டின் பெருக்கல்தொகையாதலால், இரு நிலையிலும் விரயம் மிக அற்பம். திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்குப் போகும் அந்த அரைகுறை நேரத்தில்தான் உஷ்ணம் பிறக்கிறது. வடம் முறுக்கேறி நிற்கும்போது மாட்டைத் திருப்பினால் மாட்டுக்கும் நோவு, வடத்துக்கும் தேய்மானம். வடம் தளர்ந்திருக்கும் கணம் பார்த்துத் திருப்புவதுதான் கைதேர்ந்தவன் லட்சணம். இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸுகள் சுருளையும் கெபாசிட்டரையும் இணைத்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கி, டிரான்சிஸ்டரின் மீதுள்ள வோல்ட் தானாகவே பூஜ்யத்துக்கு வந்து நிற்கும் கணத்தில் அதை இயக்குகின்றன; மலிவான பெட்டி முறுக்கேறிய வடத்தோடு மல்லுக்கட்டுகிறது. தொட்டியில் தண்ணீர் மட்டம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்துக் குரல்கொடுக்கும் சிறுவனும் உண்டு: 12 வோல்ட் அணுவளவு தாழ்ந்தாலும் அச்செய்தி ஒளியின் மூலமாக முன்புறத்துக்குப் போய்ச் சேர்கிறது; பழைய அமைப்பில் ஒவ்வொரு சாலும் முன்னைவிட நிறைய மொள்ளத் தொடங்குகிறது, ஒத்ததிர்வு அமைப்பில் நடையே மாறுகிறது. செய்தி ஏன் ஒளியின் மூலம் போகவேண்டும் என்ற இடத்தில்தான் என் கிணறு வற்றிவிடுகிறது. கமலையில் கிணற்றுத் தண்ணீரே வயலுக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மரிலோ சுவரிலிருந்து வந்த மின்னூட்டத்தில் ஒரு துளிகூட மறுபக்கம் கடப்பதில்லை. காந்தம் கடக்கிறது, மின்சாரம் அங்கே புதிதாகப் பிறக்கிறது. கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காமலிருப்பதற்கு அந்தத் தடுப்பே முக்கிய காரணம். அதைக் குறைத்தே விலையைக் குறைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

சரித்திரம் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்பவர்கள் உண்டாகையால் ஒரு பத்தி. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இத்தகைய மின்வழங்கியைச் செய்துகொடுத்தார். காற்றாடி வேண்டாத அந்தப் பெட்டி புரட்சிகரமானது என்றும், பிறகு வந்த கணினிகள் எல்லாம் அதைக் காப்பியடித்தன என்றும் ஸ்டீவ் ஜாப்ஸ் பிற்காலத்தில் பெருமை பேசினார். ஹோல்ட்டின் வேலை நேர்த்தியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1972இல் வந்த எச்.பி. 35 என்ற சட்டைப்பைக் கணக்கியந்திரத்திலேயே இந்த யுக்தி இருந்தது; இதை நடத்துவதற்கான கட்டுப்பாட்டுச் சில்லை ராபர்ட் மம்மானோ 1976இல் வடிவமைத்துவிட்டார். வேகமும் வோல்ட் தாங்கும் வலிமையும் உடைய டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது பலரும் பல இடங்களில் இதைச் செய்தார்கள். இதற்குமேல் சரித்திரத்தில் விசேஷம் ஒன்றுமில்லை.

விசேஷம் மதர்போர்டில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். தந்த 12 வோல்ட்டும் பிராசஸருக்கு உதவாது. அதற்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 வோல்ட். அந்த வோல்ட்டில் 100 வாட்ஸ் வேலை செய்ய வேண்டுமானால் 80 ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும், வீட்டு ஏ.சி. இழுப்பதைப்போல் பத்து மடங்கு! அவ்வளவு பெரிய மின்னோட்டத்தைக் கம்பி வழியே பெட்டியிலிருந்து கொண்டுவந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வழியிலேயே உஷ்ணமாகக் கரைந்துபோகும். ஆகையால் 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியராகக் கொண்டுவந்து, பிராசஸரின் வாசலில் வைத்து இறக்குகிறார்கள். மேட்டூரிலிருந்து சென்னைக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் வருவதும் இதே தத்துவம். இறக்குவதற்கு அங்கேயும் அதே நறுக்கும் வித்தைதான், இன்னும் விரைவாக. பிராசஸரைச் சுற்றிச் சிறு சதுரக்கட்டிகளாக வரிசையாய் நிற்பவை அதற்கான சுருள்கள். ஒவ்வொரு சுருளும் ஒரு கமலை. நான்கு கமலைக் கிணற்றில் ஒரு சால் கவிழும்போது இன்னொன்று பாதி வழியிலும் மற்றொன்று கிணற்றிலுமாக மாறிமாறி இறைப்பதனால் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக ஓடும் அல்லவா, அதைப்போலவே இவையும் முறைவைத்து இறைக்கின்றன. மிக மலிவான போர்டில் கமலைகள் குறைவு. டிரான்சிஸ்டர்களின் மேல் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடும் இராது. இன்று ஆறு கோர் பிராசஸருக்கு அது போதும். நாளை பன்னிரண்டு கோர் பிராசஸரை அதே சாக்கெட்டில் வைத்தால், அது பொருந்தும், இயங்கும், ஆனால் வாய்க்கால் வறண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ‘அப்கிரேடுக்கு ஏற்ற போர்டு’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட இந்தத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பது பிரயோஜனமானது.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். அதுவும் 12 வோல்ட்டை வாங்கித் தானே இறக்கிக்கொள்வதுதான். ஆனால் அதன் குணம் வேறு. திரையில் சாதாரணக் காட்சி ஓடும்போது அடங்கியிருந்து, வெடிப்பும் புகையுமாக ஒரு காட்சி வந்ததும் ஆயிரக்கணக்கான கணிப்பான்களை ஒரே கணத்தில் எழுப்பிவிடும்; எல்லாப் பாத்திகளின் மடைகளையும் ஒருவன் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டாற்போல் தொட்டி இறங்கும். 2020இல் என்விடியா 320 வாட்ஸ் என்று சொல்லி விற்ற ஆர்.டி.எக்ஸ். 3080 போன்ற கார்டுகள், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு அந்த அளவைப் பெரிதும் மீறி இழுத்தன. கணக்குப்படி போதுமானவையாக இருந்த எஸ்.எம்.பி.எஸ்ஸுகள் சில, ஏதோ விபத்து என்று எண்ணித் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டன. ஆட்டத்தின் நடுவே கணினி இருண்டுபோனதற்கு விண்டோஸையும் விளையாட்டையும் திட்டித்தீர்த்தவர்கள் ஏராளம். இதன் பிறகே 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற புதிய வரையறை, புதிய வகைக் கிராபிக்ஸ் இணைப்பு கொண்ட பெட்டிகள் 100 மைக்ரோவிநாடி நேரத்துக்குத் தம் பெயரளவைப்போல் இருமடங்கைத் தாங்கவேண்டும் என்று விதித்தது. பெட்டியின் மேல் ஏ.டி.எக்ஸ். 3.0 அல்லது 3.1 என்று இருந்தால், அங்கே அச்சிட்டிருக்கும் பல அலங்காரங்களுள் அர்த்தமுள்ளது அது ஒன்று என்று கொள்ளலாம்.

மற்ற அலங்காரங்களைப்பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேச முடியவில்லை. கேபினட்டோடு வரும் பெட்டியில் ‘450 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலுள்ள சிறு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 300 வாட்ஸ். மீதி 150 வாட்ஸ், இன்றைய கணினி ஏறக்குறைய தொடாத 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கில் எழுதப்பட்ட காகிதச் சொத்து. யோக்கியமான 550 வாட்ஸ் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர், அதாவது 540 வாட்ஸ், என்று இருக்கும். இந்த ஒரு பெருக்கல் போதும், பாதி மோசடி வெளிப்பட்டுவிடும்.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ‘80 பிளஸ்’ பதக்கங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை சொல்லுவது சக்தி விரயத்தைப்பற்றி மட்டும். அதுவும் 23 டிகிரி அறையில் அளந்தது. சித்திரை மாதத்தில் சென்னையில் மாடி அறையில் 23 டிகிரி இருக்குமானால் அந்த வீட்டு விலாசத்தை எனக்கும் தெரிவியுங்கள். தங்கப் பதக்கத்தினால் மின்கட்டணம் மிச்சமாகும் என்ற பிரசாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 வாட்ஸ் வேண்டும் கணினிக்கு, நூற்றுக்கு 85 திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 353 வாட்ஸும், 90 திறனுள்ளது 333 வாட்ஸும் இழுக்கின்றன. தினம் நான்கு மணி நேரம் விளையாடினாலும் வருஷத்துக்கு மிச்சம் 29 யூனிட். அந்தப் பணத்துக்காகத் தங்கம் வாங்கவேண்டியதில்லை. விரயத்தைக் குறைக்கப் பாடுபட்டவன் மற்றவற்றிலும் ஒழுங்காக இருப்பான் என்ற அனுமானத்துக்காக வாங்கலாம். அனுமானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

நம் ஊருக்கு முக்கியமானவை வேறு இரண்டு. பெட்டியிலுள்ள கெபாசிட்டர்களின் ஆயுள், உஷ்ணம் 10 டிகிரி ஏறும்தோறும் ஏறக்குறைய பாதியாகிறது. ஆகையால் 105 டிகிரிக்கு வகுக்கப்பட்ட கெபாசிட்டர்களா 85 டிகிரியா என்பது வெளிநாட்டாரைவிட நமக்கு அதிக முக்கியம். இரண்டாவது, மின்சாரம் நின்றபின் பெட்டி எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது. முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லிவிநாடி தாங்கவேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். நெடுங்காலம் வைத்திருந்த விதி, யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுவதற்குச் சில மில்லிவிநாடி ஆகும். நடுவில் உள்ள பெரிய கெபாசிட்டரைச் சிறிதாக்கிக் காசு மிச்சம் பிடித்த பெட்டி அந்த இடைவெளியைத் தாண்டாது, யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்து எழுகிறதே என்று மக்கள் யு.பி.எஸ். கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுகிறவர்கள் இன்வெர்ட்டரின் பின்புறத்திலுள்ள சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி அன்பரின் 60,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். விளையாட்டில் படம் வரைவது அதுதான். ஆர்.எக்ஸ். 6600 போன்ற 132 வாட்ஸ் கார்டு தொடக்கத்துக்குப் போதுமானது, ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது நான்கு தடங்களில் மட்டும் பேசுவதனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுகளில் இன்னும் நலிந்துபோகும். பிராசஸரில் ரைசன் 5 5600, டி.டி.ஆர். 4 ரேம் என்ற சேர்க்கை முடிந்துபோன பாதைதான். அந்தச் சாக்கெட்டுக்கு இனிப் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. ஏ.எம். 5க்குப் பாதை இருக்கிறது, 2027 வரையில் ஆதரவு உண்டென்று ஏ.எம்.டி. வாக்களித்திருக்கிறது, ஆனால் அதற்கு டி.டி.ஆர். 5 ரேம் வேண்டும், அதன் விலையைத்தான் தரவு மையங்கள் நிர்ணயித்துக்கொண்டிருக்கின்றன. இந்தத் தொகையில் வாங்குகிறவர் மூன்று வருஷம் கழித்து மாற்ற விரும்பப்போவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைத்தான், பிராசஸரை அன்று. ஆகையால் முடிந்துபோன பாதையைக் கண்டு மிரளவேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். ரேம் 16 ஜி.பி.யை இரண்டு எட்டாக வாங்குங்கள், ஒற்றைக் குச்சியாக அன்று. அலுவலகங்கள் கழித்த பழைய கணினியை வாங்கி அதில் கார்டைச் செருகலாம் என்று சிலர் சொல்வார்கள். அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். தனி வடிவமும் தனி இணைப்பும் கொண்டது, கடையில் கிடைப்பது பொருந்தாது, வாங்குமுன் திறந்து பார்க்கவேண்டும்.

இந்தக் கணினி முழு ஓட்டத்தில் இழுக்கப்போவது 250 வாட்ஸுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அப்படியிருக்க, நான் சொல்லும் எஸ்.எம்.பி.எஸ். 650 வாட்ஸ், நாளை மகன் 250 வாட்ஸ் கார்டு ஒன்றைக் கொண்டுவந்து செருகும்போது தொட்டி இறங்காமல் இருப்பதற்காக. 12 வோல்ட்டில் 50 ஆம்பியருக்குக் குறையாமல், ஐந்து வருஷத்துக்குக் குறையாத வாரண்டியோடு இருக்கட்டும். ஏழு, பத்து வருஷம் தருகிறவர்களும் இருக்கிறார்கள், கிராபிக்ஸ் கார்டுக்கோ சாதாரணமாக மூன்றுதான். கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட பெட்டியானால், அந்தக் கம்பிகளை அதனோடு மட்டுமே உபயோகிக்கவேண்டும். பெட்டிப்பக்க முனைகளுக்குப் பொது வரையறை இல்லாததால், வேறு பெட்டியின் கம்பி கச்சிதமாகப் பொருந்தியும் எஸ்.எஸ்.டி.யை எரித்துவிடக்கூடும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கேபினட் வாங்கும்போது, கூட வரும் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம், அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்; கழிக்க மறுக்கும் கடையில் கேபினட்டையும் வாங்கவேண்டாம்.